கருநிழல் நாச்சியாரின் முகம்

என் மகள் எழுதிய புத்தகத்தின் அட்டையில் இருந்த பெண்ணின் முகத்தை வெளுத்தவன் நான். வேறு யாரும் இல்லை... நான்தான்.

அந்தப் பழியை இன்னொரு வீட்டுப் பெண் சுமந்தாள். அவள் என்னிடமே வந்து, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் விளக்கம்தான். விளக்கம் சொன்னால் குற்றம் குறையுமா? குறையாது. ஆனாலும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள். கொஞ்ச நேரம் என்னோடு இருங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அச்சகத்தில் நான்கு வண்ண அச்சு இயந்திரம் ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் அந்த இயந்திரத்திலிருந்து வந்து விழுந்த தாள்களில் மெதுவாகப் படித்துக்கொண்டதுதான். ஆட்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. இயந்திரம் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது என்பதாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.

நான் நல்ல கறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு 'மை டப்பா' என்று பெயர் வைத்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து வைத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். விடவில்லை... இன்றைக்கும் பழைய ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அதற்கு 'மூஞ்சி ஏத்துறது' என்று பெயர். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று மனித முகம் உள்ள எந்த வேலை வந்தாலும், அந்த முகம் வரும் இடத்தில் கறுப்பு மையையும் நீல மையையும் கொஞ்சம் இறக்கிவிடுவோம். இயந்திரத்தில் அதற்கென்று வரிசையாகத் திருகுகள் இருக்கும். விரலால் லேசாகத் திருப்பினால் போதும். கறுத்த முகம் மாநிறமாகும், மாநிறம் சிவப்பாகும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, எழுதித் தர வேண்டியதில்லை. வாங்க வருகிறவர் தாளைப் பார்த்ததும் முகம் மலர்வார். "இன்னா ப்ரிண்டு அண்ணாத்தே!" என்பார். செத்தவர்களின் முகத்தைக்கூட ஏற்றித்தான் அனுப்புவோம்.

இத்தனை காலமாக எத்தனை முகங்களை வெளுத்திருப்பேன்! ஒருநாளும் அது தப்பு என்று எனக்குத் தோன்றியதில்லை. அதை ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

எனக்கு ஒரே மகள், மெர்சி. அவள் பிறந்த அன்று மருத்துவமனைத் தாதி குழந்தையை என் கையில் கொடுத்து, "அப்படியே அப்பா கலரு" என்றாள். அவள் வாழ்த்தாகத்தான் சொல்லியிருப்பாள். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஐயோ, என்னிடமிருந்தா இவளுக்கு இது வரவேண்டும் என்று நினைத்தேன். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பிள்ளையைப் பார்த்து நான் முதலில் நினைத்தது இதைத்தான்... இதை என் மனைவி ரெஜினாவிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

மெர்சி நன்றாகப் படித்தாள். தனியார் கம்பெனியில் கணக்கு வேலை. தினமும் மின்சார ரயிலில் போகிறபோதும் வருகிறபோதும் கைப்பேசியில் ஒரு கதை எழுதினாள். இல்லாத ஒரு நாட்டைப் பற்றிய கதை, மாயமும் மந்திரமும் நிறைந்தது. தொடராக இணையத்தில் போட்டாள். முகம் தெரியாத யார் யாரோ அதைப் படித்தார்கள், அடுத்த பகுதி எப்போது என்று கேட்டார்கள். கடைசியில் ஆவடியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஒருவர், இதைப் புத்தகமாகப் போடலாம் என்றார்.

கதையின் நாயகிக்கு மெர்சி வைத்த பட்டம் 'கருநிழல் நாச்சியார்'. புத்தகத்தின் பெயரும் அதுவே.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதைச் சொன்னாள். ரெஜினா உடனே முகம் சுளித்தாள்.

"நாச்சியார்ன்றது எவ்ளோ அழகான பேரு! அதுக்கு முன்னாடி போயி இன்னாத்துக்குடி கருப்பப் போட்ட? கருப்பும் நிழலும்... பேய்ப் படமா?"

"மம்மி, அதுலதான் எல்லாமே கீது. டாடி, நீங்க சொல்லுங்க, பேரு எப்டி?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, "தங்க நாச்சியார்னு வெச்சா பளிச்சுனு இருக்கும்மா" என்றேன்.

மெர்சி சிரித்தாள். "படிங்க டாடி. படிச்சா ஏன் கருப்புன்னு உங்களுக்கே புரியும்."

படிக்கிறேன் என்றேன். படிக்கவில்லை. கைப்பேசியில் எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்தன என்பது ஒரு சாக்கு. அந்தப் பட்டத்தைப் பார்க்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது என்பதுதான் உண்மை. நாங்கள் பவுடர் போட்டு மறைத்ததை இவள் ஏன் பட்டமாகக் கட்டி ஊருக்குக் காட்டுகிறாள்?

அந்த நேரத்தில்தான் திருமுல்லைவாயிலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், எங்களைப் போலவே கத்தோலிக்கர்கள். பையனின் அம்மா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. கலருதான் கொஞ்சம் கம்மி. போட்டோல இவ்ளோ தெரில."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றும் சொல்லாமலாவது இருந்திருக்கலாம். வாயே திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன்.

"வெயில்ல வேலைக்குப் போயி வருதுங்க... அதான். ஊட்ல இருந்தா தெளிஞ்சிடும்."

மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னேன்! மெர்சி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். பெண் கதை எழுதுகிறாளாமே, புத்தகம் வந்ததும் கொடுத்தனுப்புங்கள் என்று வாசலில் அந்த அம்மா சொன்னார். அது என் மனதில் நின்றுவிட்டது.

அட்டைப் படத்தை வரைந்தவள் சாஜிதா. பூந்தமல்லியில் தையற்கடை வைத்திருப்பவரின் மகள். கல்லூரியில் மெர்சியோடு ஒரே பெஞ்சு. எங்கள் வீட்டில் அவள் சாப்பிடாத வாரம் இல்லை. என்னை அங்கிள் என்பாள், நான் பதில் சொல்லாவிட்டாலும் என்னோடு பேசுவாள். நல்ல நிறமான பெண். படம் வரைவதற்காக மெர்சியை எங்கள் மொட்டை மாடியில் வெயிலில் நிற்க வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

"அசையாத மெர்சி! மூக்கு போயிடும்!"

"மூக்கு போனா போகட்டும்டி, மண்ட காயுது! நாச்சியாருக்கு ஒரு மோராவது குடு!"

அந்தச் சிரிப்பு கீழே வரைக்கும் கேட்டது. இப்போது அந்த மாடிக்குப் போனால் எனக்கு அதுதான் கேட்கிறது.

பதிப்பாளர் அட்டை அச்சிடும் வேலையை எங்கள் அச்சகத்துக்கே கொடுத்தார். மெர்சி கேட்டுக்கொண்டதால்தான். "எங்க டாடி ஓட்டினா எனக்குக் கவலையே இல்ல" என்றாளாம். மாதிரித் தாளைப் பார்த்து, இதேபோல் வரட்டும் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அதன்பின் தலைப்பு எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, சாஜிதா புதிய கோப்பு ஒன்றை அனுப்பினாள். அந்தக் கோப்புதான் பின்னால் அவளுக்கு எமனாக வந்தது.

வேலை என் இயந்திரத்துக்கு வந்தது. முதலில் சில தாள்களை விட்டு, எடுத்துப் பார்த்தேன். மாதிரித் தாளும் அதுவும் அச்சு அசலாக ஒத்துப்போயின. வெளிறிய வானம், நடுவில் ஒரு பெண், அவள் காலடியில் விரிந்து கிடக்கும் நிழல். அந்த நிழலில் சுருண்டு உறங்கும் சனங்கள். பெண்ணின் முகம் நல்ல கறுப்பு... என் மகளின் முகம். என் முகம்.

தாள் வெட்டும் குமார் எட்டிப் பார்த்தான். அது என் மகளின் புத்தகம் என்று அவனுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"இன்னா அண்ணாத்தே, பொம்பள மூஞ்சி கரிச்சட்டியாட்டம் கீது? ஏத்தாம வுட்டுட்டியா?"

எனக்குக் காது சுட்டது. என் மகளை நடுத்தெருவில் நிறுத்திக் கேலி செய்ததுபோல் இருந்தது. அவன்மேல் கோபம் வந்ததா? இல்லை... இதுதான் வெட்கக்கேடு. எனக்கு அந்த முகத்தின்மேல்தான் கோபம் வந்தது. 'இத ஊரு பூரா பாக்கப் போவுதே' என்று நினைத்தேன். திருமுல்லைவாயில் அம்மா கையில் இந்தப் புத்தகம் இருப்பதை நினைத்தேன்.

"இப்பத்தான் ஏத்தப் போறேன்" என்றேன்.

திருகினேன். கறுப்பை இறக்கினேன். நீலத்தை இறக்கினேன். தாள் தாளாக அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள். நாச்சியார் கோதுமை நிறமானாள். குமார் தட்டிக் கொடுத்தான். "இப்பப் பாரு மாமே, ஈரோயினி!"

அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது தெரியுமா? பாசம்! சத்தியமாகப் பாசம்தான் இருந்தது. பிள்ளையின் முகத்தில் ஒட்டியிருந்த அழுக்கைத் துடைத்துவிட்ட தகப்பனைப்போல நான் நிம்மதியாக நின்றேன். அழுக்கு... அந்தச் சொல்லை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு என் நெஞ்சில் இருந்த சொல் அதுதான்.

புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்த அன்று மெர்சி கத்திரிக்கோலைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். முதல் பிரதியை வெளியே எடுத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன்.

"டாடி... யாரு டாடி இது?"

"நாச்சியாரும்மா."

"இது நாச்சியார் இல்ல. இது வேற யாரோ. ஏன் டாடி இப்படி வந்துச்சு?"

எங்கள் தொழிலில் எந்த வாடிக்கையாளர் எந்தக் குறை சொன்னாலும் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. யோசிக்கத் தேவையில்லை. அது தானாக வாயில் வரும். எனக்கும் வந்தது.

"ஃபைல்ல இன்னா கீதோ அதான்மா வரும்."

சொன்ன மறுகணமே அதைத் திரும்ப எடுத்திருக்கலாம். 'இல்லம்மா, நான்தான்' என்று இரண்டு வார்த்தை. ஆனால் அவள் அடுத்ததாக 'ஏன்' என்று கேட்பாளே! அந்த ஏனுக்கு நான் என்ன சொல்வேன்? உன் முகம் எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்வதா? செய்தேன் என்பதை எப்படியாவது சொல்லிவிடலாம். ஏன் செய்தேன் என்பதை எந்தத் தகப்பனால் சொல்ல முடியும்?

மெர்சி கைப்பேசியை எடுத்தாள். புதிய கோப்பை அனுப்பியவள் சாஜிதாதானே! முன்பு ஒருமுறை, கைப்பேசியில் சின்னதாகப் பார்க்கும்போது முகம் இருட்டாகத் தெரிகிறது, கொஞ்சம் வெளிச்சம் கூட்டட்டுமா என்று அவள் கேட்டும் இருந்தாளாம். மெர்சி வேண்டாம் என்றாளாம். எல்லாம் சேர்ந்துகொண்டது.

"நீ செவப்பாப் பொறந்தவ! உனக்கு எங்க புரியும்? கடைசில நீயும் எல்லாரையும் மாதிரிதானே சாஜி?"

மெர்சி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்திவிட்டு அழுதாள். ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் புத்தகக் கட்டின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் சாஜிதா வந்தாள். பூந்தமல்லியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். மெர்சி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். சாஜிதா கதவைத் தட்டவில்லை. நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்து, புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

"அங்கிள், இத பாருங்க. நாச்சியார் தலைக்கு மேல வானம் இருக்குல்ல? அதுவும் வெளுத்திருக்கு. கீழ அவ காலு, நிழலு, படுத்திருக்கற ஆளுங்க... மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே பட்டையா வெளுத்திருக்கு. பக்கத்துல எல்லாம் சரியா இருக்கு. நான் மூஞ்சிய மாத்தியிருந்தா மூஞ்சி மட்டும்தானே மாறும்? வானம் ஏன் அங்கிள் வெளுக்கணும்?"

கண்டுபிடித்துவிட்டாள்! இயந்திரத்தில் திருகு ஒன்றை இறக்கினால் அதற்கு நேராகத் தாள் நெடுகிலும் மை குறையும். முகத்தை மட்டும் இறக்க முடியாது. கூர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அவள் படம் வரைகிறவள், பார்த்துவிட்டாள்.

"என்னோட ஃபைலக் காட்டினா, இப்ப திருத்திட்டு அனுப்புறியான்னு கேக்குறா. மிஷின்ல அப்டி ஆகுமா அங்கிள்? தெரியாம ஆகியிருந்தாலும் பரவால்ல. ஆகும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அவ நம்பிடுவா. நீங்க சொன்னா மட்டும்தான் நம்புவா."

அவள் எனக்குத் தப்பிக்க வழியும் கொடுத்தாள், கவனித்தீர்களா? தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருக்கலாம். இயந்திரத்தின்மேல் பழி போட்டிருக்கலாம். ஒரு சின்னப் பொய்யால் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் கதவுக்குப் பின்னால் மெர்சி கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கெட்டிக்காரி. மாதிரித் தாளைக் கண்முன் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் கவனிக்காமலா இருந்தார் என்று கேட்பாள். ஒன்றைத் தொட்டால் எல்லாம் அவிழும்.

"மிஷின்ல அப்டியெல்லாம் ஆவாதும்மா."

சாஜிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் விழவில்லை. அந்த நிமிடம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்... நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன், அவ்வளவு போதாதா?

புத்தகத்தை என் மடியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். ரெஜினா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை.

திருமுல்லைவாயிலுக்கு ஒரு பிரதி கொடுத்தனுப்பினோம். சுற்றியிருந்த தாளைக்கூடப் பிரிக்காமல் அது திரும்பி வந்தது. வேறு இடம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். யாருக்காக வெளுத்தேனோ அவர்கள் பார்க்கவே இல்லை!

சில வாரங்கள் கழித்து, கொரட்டூரில் ஒரு சின்னக் கூடத்தில் வாசகர் சந்திப்பு வைத்தார்கள். என்னையும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனாள் மெர்சி. நான் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாஜிதா வரவில்லை.

ஒரு டீச்சரம்மா எழுந்து கேட்டார்: "அட்டைல நாயகி இவ்வளவு நிறமா இருக்காங்க, பட்டம் மட்டும் கருநிழல்னு இருக்கே. அந்தக் கருப்புக்கு என்னம்மா அர்த்தம்?"

அட்டை ஒரு தவறு, அதைப் பார்க்காதீர்கள் என்றாள் மெர்சி. பிறகு கதையைச் சொன்னாள். நான் படிக்காத கதையை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்த நாட்டில் அந்தி வருவதே இல்லை. ஓர் அரசன் சூரியனை உச்சியிலேயே கட்டிப்போட்டுவிட்டான். எங்கும் வெளிச்சம், வெண்மை, பளபளப்பு. தூக்கம் என்றால் என்னவென்றே சனங்களுக்கு மறந்துவிட்டது. குழந்தைகள் அழுதுகொண்டே இருக்கின்றன. மரங்கள்கூட வெளிறிப்போய் நிழல் தருவதில்லை. அங்கே ஒருத்தி கறுப்பாகப் பிறக்கிறாள். எல்லோரும் கேலி செய்கிறார்கள். ஆனால் அவள் நிழல் மட்டும்தான் கறுப்பாக, குளிர்ச்சியாக விழுகிறது. அழுகிற ஒரு குழந்தையை யாரோ தெரியாமல் அந்த நிழலில் கிடத்துகிறார்கள். அது தூங்கிவிடுகிறது. பிறகு ஊரே அவள் நிழலுக்கு வருகிறது. கேலி செய்தவர்களே அவளுக்குப் பட்டம் கட்டுகிறார்கள்.

"வெளிச்சம் நல்லது, கருப்பு கெட்டதுன்னு நாம பழகிட்டோம். வெயில்ல நிக்கறவங்களுக்குத்தான் கருப்போட அருமை தெரியும். என் கதைல கருப்புன்னா இளைப்பாறுறது. பயமில்லாம கண்ணை மூடறது."

"இது எப்படிம்மா தோணுச்சு உனக்கு?" என்றார் டீச்சரம்மா.

மெர்சி கூடத்தின் கடைசிக்குப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"சின்ன வயசுல ஏரிக்கரை ரோட்டுல ஸ்கூலுக்கு நடந்து போவோம். மரமே கிடையாது. எங்க டாடி எப்பவும் வெயில் பக்கமா நடப்பாரு. அவரு நிழல் எம்மேல விழும். நான் அதுக்குள்ளயே நடப்பேன். வெளிய கால வெச்சா சுடும். எங்க டாடி நல்லா கருப்பு. நிழலும் அதனாலதான் அவ்ளோ கருப்பா இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்... அதான் நாச்சியார். அது என் கலர் இல்ல. எங்க டாடி கலர்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "குடுத்து வெச்சவரு சார் நீங்க!"

நான் என்ன செய்தேன்? கும்பிட்டேன்! எழுந்து நின்று, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டேன்.

எனக்கு அந்த நடை ஞாபகமே இல்லை. வெயில் பக்கமாக நடந்தேனா? நடந்திருப்பேன். வேண்டுமென்று செய்திருக்க மாட்டேன். நினைக்காமல் நான் செய்ததை அவள் இத்தனை ஆண்டுகள் பொத்தி வைத்து ஒரு பட்டமாக்கினாள். நான் நினைத்து நினைத்துச் செய்ததோ... அந்தப் பட்டத்தையே அழித்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். முழங்காலிட்டுக் கோபம், சோம்பல், ஜெபத்தில் கவனமின்மை என்று வரிசையாகச் சொன்னேன். சாமியார், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை சாமி என்றேன். அங்கேயும்! அவர் கொடுத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அது என்மேல் ஒட்டவில்லை.

இரண்டாம் பதிப்பு போடலாம் என்று பதிப்பாளர் சொன்னபோது மெர்சி மிகவும் யோசித்தாள். ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"டாடி, நான் சாஜிய மன்னிச்சுடலாம்னு இருக்கேன். எவ்ளோ நாளு இப்படியே இருக்கறது? அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே நல்லா இல்ல."

மன்னிக்கப் போகிறாளாம்... சாஜிதாவை! நான் தலையாட்டினேன். நல்லதும்மா என்றுகூடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் சாஜிதா வந்தாள். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தாள். இளைத்திருந்தாள். ரெஜினா டீ போட, நான் எடுத்துக்கொண்டு போனேன். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நடந்தது நடந்துபோச்சு சாஜி" என்றாள் மெர்சி. "நீ ஒத்துக்கிட்டா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

டீ டம்ளரோடு நான் அங்கேயே நின்றேன்.

"ஆமா மெர்சி" என்றாள் சாஜிதா. "நான்தான் மாத்தினேன். போன்ல சரியாத் தெரியாதுன்னு... தப்புதான். ஸாரி."

மெர்சி பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாகச் சாஜிதா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. தோழியைத் திரும்ப வாங்குவதற்கு இதுதான் விலை என்றால் கொடுத்துவிடுகிறேன் என்பதைப்போல ஒரு பார்வை. அந்த விலை என்னுடையது அல்லவா?

இதோ, இப்போது சொல் என்று என் உள்ளே எல்லாம் கூவியது. வாயைத் திறந்தேன்.

"டீ ஆறிடும்மா... குடி."

"பாத்தியா சாஜி!" என்று மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "உன்னப் பாத்ததும் டாடியே பேசிட்டாரு!"

சாஜிதாவும் சிரித்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"புது அட்டைக்கு நீயேதான் வரையணும்" என்றாள் மெர்சி. "டாடிதான் ஓட்டுவாரு. இந்தத் தடவ அவரே பக்கத்துல இருந்து பாத்துப்பாரு, கலரு மாறாது."

சாஜிதா சரி என்றாள்.

படம் இன்னும் வரவில்லை. மெர்சி கேட்கும்போதெல்லாம் முடியப்போகிறது, அனுப்புகிறேன் என்கிறாளாம். இவ்வளவு தாமதம் செய்கிறவள் இல்லையே, என்னவாயிற்று இவளுக்கு என்று மெர்சி என்னிடம் கேட்கிறாள். தெரியவில்லையம்மா என்கிறேன்.